எங்கிருந்து பிடிக்கிறது?

“அம்மணி, இந்த நாப்பத்தெட்டை நான் எங்கிருந்து பிடிக்கறது?”

ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் இரண்டு வருஷம் முடித்துவிட்டு, கோவை கணபதி பக்கம் ஒரு சின்ன டிராயிங் ஆபீஸில் சேர்ந்த புதிது. நான் போட்ட ஷாஃப்ட் டிராயிங்கைக் கையில் பிடித்தபடி பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர் அண்ணன் வந்து நின்றார். தாளின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் எண்ணெயோடு அப்படியே பதிந்திருந்தது. அவர் காட்டிய இடத்தில் 48 என்று இருந்தது. ஷாஃப்டின் நடுவில் இருக்கிற இரண்டு ஸ்டெப்களுக்கு இடைப்பட்ட நீளம் அது.

“சரியாத்தானே இருக்குங்கண்ணா?” என்றேன்.

“அளவு சரிதான். நான் இந்தப் பக்க முனையைச் சீவி ஃபேஸிங் போட்டு, டூலைத் தொட்டு ஜீரோ வெச்சிருக்கறேன். எனக்கு எல்லாமே இங்கிருந்து வேணும். நீ நடுவுல குடுத்தா நான் கூட்டிக் கழிச்சுல்ல பார்க்கோணும்? கணக்குல ஒண்ணு தப்புனா பீஸ் போச்சு.”

அன்றைக்கு அந்தத் தாளை வாங்கி எல்லா நீளத்தையும் ஒரே முனையிலிருந்து மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷமாக ஆட்டோகேட் என்கிற வரைபட சாஃப்ட்வேரில் பம்ப் பாகங்களும் மோட்டார் பேஸ் பிளேட்டும் ஜிக்கும் வரைகிறேன். எந்த டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) போடலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது.

போன மாதம் டிப்ளமோ முடித்த ஒரு பெண் எங்கள் ஆபீஸில் சேர்ந்தாள். நன்றாக வரைகிறாள், கை வேகம். “அக்கா, டைமென்ஷனுக்கே இத்தனை ஐகான் இருக்கே, எல்லாமே தேவைப்படுமா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் லீனியரும் அலைன்டும். லீனியர் படுக்கையாகவோ செங்குத்தாகவோ அளக்கும், அலைன்டு சாய்ந்த கோட்டின் போக்கிலேயே அளக்கும். 60-க்கு 80 செங்கோண முக்கோண கஸெட் பிளேட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த விளிம்பின் இரண்டு முனைகளையும் தொட்டு லீனியர் கட்டளையான டி எல் ஐ அடித்தால், கர்சரை எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து 60 வரும், இல்லை 80 வரும். சாய்ந்த விளிம்பின் நிஜ நீளமான 100 ஒருநாளும் வராது. அதற்கு அலைன்டு, டி ஏ எல். இதில் புதுப் பிள்ளைகள் குழம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காலேஜில் அலைன்டு சிஸ்டம், யூனிடைரக்ஷனல் சிஸ்டம் என்று படித்திருப்பார்கள். அது எண்ணை எந்தப் பக்கம் திருப்பி எழுதுவது என்பதைப் பற்றியது. சாஃப்ட்வேரில் உள்ள அலைன்டு, எந்தத் திசையில் அளப்பது என்பதைப் பற்றியது. பெயர் ஒன்று, விஷயம் வேறு. எங்கள் புதுப் பெண் இரண்டையும் ஒன்று என்றே நினைத்து, எண் சாய்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக அலைன்டு போட்டுக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் பேசிய பிறகுதான் தெளிந்தது.

லீனியரில் இன்னொரு பொறி உண்டு. ஷாஃப்டைப் பக்கவாட்டில் வரையும்போது விட்டம் வட்டமாகத் தெரியாது, இரண்டு கோடுகளுக்கு இடைவெளியாகத்தான் தெரியும். லீனியர் போட்டால் வெறும் 25 என்று வரும். முன்னால் விட்டக் குறி இல்லையென்றால், அது உருளையா கட்டையா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு சதவீதக் குறியும் சி எழுத்தும் அடித்தால் விட்டக் குறி வந்துவிடும். ஆனால் அதற்குப் பின்னால் 25 என்று கையால் எழுதக் கூடாது. கூர் அடைப்புக்குறியைத் திறந்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் மூட வேண்டும். அந்த வெற்று அடைப்பு இருக்கும் இடத்தில் சாஃப்ட்வேர் தானே அளந்த எண்ணை வைக்கும். நான் இதற்கென்றே விட்டக் குறியை ப்ரீஃபிக்ஸாக வைத்துத் தனி டைமென்ஷன் ஸ்டைல் ஒன்று செய்து டெம்ப்ளேட்டில் போட்டிருக்கிறேன். கையால் எண் எழுதுவது ஏன் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அது என் வாழ்க்கையில் மறக்க முடியாத பாடம்.

இப்போது கன்டினியூவும் பேஸ்லைனும். டர்னர் அண்ணனின் கேள்வி முழுக்க இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

ஒரு பட்டையில் 6 ஓட்டை, ஒன்றுக்கு ஒன்று 40 மில்லிமீட்டர். கன்டினியூ போட்டால் 40, 40, 40 என்று சங்கிலி மாதிரி போகும். பேஸ்லைன் போட்டால் முதல் ஓட்டையிலிருந்து 40, 80, 120, 160, 200 என்று அடுக்கடுக்காக ஏறும். பார்க்க இரண்டும் ஒரே பட்டைதான். டாலரன்ஸை, அதாவது அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதை, தனியாகக் குறிக்காமல் பொது டாலரன்ஸாக ஐஎஸ்ஓ 2768 மீடியம் என்று டைட்டில் பிளாக்கில் எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன்படி 30-க்கு மேல் 120 வரை உள்ள அளவுக்குக் கூடக்குறைய 0.3 இருக்கலாம். 120-க்கு மேல் 400 வரை 0.5 இருக்கலாம். சங்கிலியில் ஐந்து இடைவெளியும் ஒரே பக்கமாக 0.3 தள்ளினால் முதல் ஓட்டைக்கும் கடைசி ஓட்டைக்கும் நடுவே 1.5 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஒவ்வொரு அளவும் சரி, பட்டை மட்டும் மாட்டாது. பேஸ்லைனில் அதே தூரம் 200, ஆகவே 0.5-க்கு மேல் தள்ள முடியாது.

இதைக் கேட்டதும் “அப்போ எப்பவும் பேஸ்லைன்தான் நல்லதா அக்கா?” என்றாள். அதுவும் கிடையாது. பேஸ்லைனில் ஐந்தாவது ஓட்டை 160, ஆறாவது 200. ஒன்று 0.5 குறைந்து மற்றது 0.5 கூடினால், அந்த இரண்டுக்கும் நடுவே 40 இருக்க வேண்டிய இடத்தில் 41 ஆகிவிடும். இரண்டு அளவுமே டிராயிங்கின்படி சரிதான். ஆனால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளில் ஒரு பிராக்கெட் உட்கார வேண்டும் என்றால், அங்கே 40 என்று நேரடியாகச் சொன்ன சங்கிலிதான் காப்பாற்றும். ஆகவே அந்த ஓட்டையில் என்ன மாட்டுகிறது என்று தெரியாமல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. அசெம்பிளி டிராயிங்கைத் திறந்து பார்க்காமல் பார்ட் டிராயிங்குக்கு அளவு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

கைப்பழக்கத்துக்கு ஒன்று: பேஸ்லைன், நாம் கடைசியாகப் போட்ட லீனியரின் முதல் புள்ளியைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் லீனியர் போடும்போதே டேட்டம் பக்கத்தை, அதாவது எல்லா அளவும் கிளம்ப வேண்டிய பக்கத்தை, முதலில் தொடுங்கள். மாற்றித் தொட்டால் அடுக்கு முழுக்கத் தப்பான பக்கத்திலிருந்து கிளம்பும். அப்புறம், ஆட்டோகேடோடு வருகிற ஐஎஸ்ஓ-25 ஸ்டைலில் இரண்டு அடுக்குக்கு நடுவே இடைவெளி 3.75 தான். நான் அதை 8 ஆக்கிவைத்திருக்கிறேன். 3.75-ல் எண்கள் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஓட்டைகள் அதிகம் என்றால், அதுவும் விஎம்சி என்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினில் போகிற ஜாப் என்றால், ஆர்டினேட். இரண்டு பக்கமும் அம்பு வைத்த அளவுக் கோடு கிடையாது. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு கோடு வெளியே வரும், முனையில் எக்ஸ் இவ்வளவு, ஒய் இவ்வளவு என்று எண் மட்டும் நிற்கும். ஆபரேட்டர் எட்ஜ் ஃபைண்டர் வைத்து மூலையைத் தொட்டு ஜி 54-ல் (மெஷினில் ஜாபின் தொடக்கப் புள்ளியைப் பதிகிற இடம்) ஜீரோ வைத்துவிட்டார் என்றால், தாளில் இருக்கிற எண்ணை அப்படியே புரோகிராமில் ஏற்றலாம். கூட்டல் கழித்தல் எதுவும் தேவையில்லை. இதற்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆர்டினேட் கட்டளையான டி ஓ ஆர் அடிப்பதற்கு முன்னால் யூசிஎஸ் ஒரிஜினை, அதாவது டிராயிங்கின் பூஜ்ஜியப் புள்ளியை, அவர் தொடப்போகிற அதே மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். மறந்தால் டிராயிங் எங்கே வரையப்பட்டதோ அங்கிருந்து கணக்கெடுத்து 1846, 2210 என்று சம்பந்தமில்லாத எண்கள் வரும். மூலையா, நடு போரா (நடு ஓட்டையா) என்பதை ஆபரேட்டரிடமே கேளுங்கள். பம்ப் கவர் மாதிரி வட்ட ஜாபில் அவர்கள் நடு போருக்குள் டயல் விட்டுச் சுற்றித்தான் செட் செய்வார்கள். மூலையே இல்லாத ஜாபுக்கு மூலையிலிருந்து அளவு கொடுத்து என்ன பயன்?

ரேடியஸ், டயாமீட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழு வட்டத்துக்கு விட்டம், மூலை வளைவுக்கு ஆரம். வெர்னியரால் விட்டத்தைப் பிடிக்கலாம், ஓட்டையின் ஆரத்தைப் பிடிக்க முடியாது. மூலை வளைவுக்கு ரேடியஸ் கேஜ் இருக்கிறது, அதில் ஆரம்தான் எழுதியிருக்கும். மையம் தாளுக்கு வெளியே போகிற பெரிய வளைவு என்றால் ஜாக்டு, நடுவில் மின்னல் மாதிரி ஒரு முறிப்போடு வரும்.

வளைவின் நீளத்தைச் சொல்லும் ஆர்க் லென்த்தை நிறையப் பேர் தொடுவதே இல்லை. ஆனால் தகடு வேலையில் அது இல்லாமல் முடியாது. ஆரம் 100, கோணம் 60 டிகிரி உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளுக்கும் அலைன்டு போட்டால் சரியாக 100. ஆர்க் லென்த் போட்டால் 104.72. வளைப்பதற்கு முன்னால் பட்டையை வெட்டுகிறவர் 100 என்று வெட்டினால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் பற்றாமல் போகும்.

கோணம் காட்டும் ஆங்குலரில் நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். 8 ஓட்டை ஃப்ளாஞ்ச், பைப்பின் முனையில் போல்ட் போட்டு மாட்டுகிற வட்டத் தகடு. பைப் ஃப்ளாஞ்சில் ஓட்டைகள் நடுக்கோட்டின் மேல் வராது, நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக விலகி நிற்கும். ஆகவே முதல் ஓட்டை நடுக்கோட்டிலிருந்து 22.5 டிகிரி. ஆனால் ஐஎஸ்ஓ-25 ஸ்டைலில் கோணத்துக்கு தசமம் பூஜ்ஜியம். திரையில் 23 என்றுதான் தெரியும். வரைந்தது சரி, காட்டுவது தப்பு. 160 பிசிடியில், அதாவது ஓட்டை மையங்கள் நிற்கிற வட்டத்தின் விட்டம் 160 என்றால், அந்த அரை டிகிரி 0.7 மில்லிமீட்டர். 16 போல்ட்டுக்கு 18 ஓட்டை போடுகிற இடத்தில் 0.7 என்பது சின்ன விஷயம் இல்லை.

இதே தசம விவகாரம் டாலரன்ஸிலும் வரும். 6205 பேரிங் உட்கார்கிற 25 விட்டத்துக்கு கே6 என்கிற டாலரன்ஸ் வகுப்பு கொடுத்தால் மேல் எல்லை +0.015, கீழ் எல்லை +0.002. டாலரன்ஸ் பிரிசிஷன் இரண்டு இலக்கத்தில் இருந்தால் கீழ் எல்லை பூஜ்ஜியமாகவே சுருங்கிவிடும், மேல் எல்லையும் 0.015 ஆக இருக்காது. பேரிங் இறுக்கமாக உட்காருமா, சுழலுமா என்பது அந்த மூன்றாவது இலக்கத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று, கீழ் எல்லைப் பெட்டியில் நாம் என்ன அடித்தாலும் சாஃப்ட்வேர் அதை மைனஸ் என்றே எடுத்துக்கொள்ளும். +0.002 வர வேண்டும் என்றால் மைனஸ் போட்டு 0.002 அடிக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் இருக்கவில்லை, அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, கையால் எண் எழுதுவது.

சேர்ந்த இரண்டாவது வருஷம். மோட்டார் பேஸ் பிளேட், 40 எண்ணம். சாயங்காலம் ஆறு மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது: கால் ஓட்டைகளுக்கு இடையே 118 இல்லை, 120 வேண்டும். எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டைகளை நகர்த்தினால் அதோடு ரிப்பும் நகர வேண்டும், பக்கத்து வியூவும் மாற வேண்டும். எனக்குக் கடைசி பஸ் பயம் வேறு. 118 என்ற டைமென்ஷனை டபுள் கிளிக் செய்து, எண்ணை அழித்து, 120 என்று அடித்தேன். தாளில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டு, வரைந்த கோடுகள் அடங்கிய டிஎக்ஸ்எஃப் ஃபைலை லேசர் கட்டிங்குக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

லேசர் மெஷின் எண்ணைப் படிக்காது. அது கோட்டைத்தான் படிக்கும். நான்காம் நாள் 40 பிளேட்டும் வந்து இறங்கின. முதலாளி வெர்னியரை எடுத்து ஒன்றில் வைத்தார். பிறகு இன்னொன்றில் வைத்தார். மூன்றாவதை எடுக்கவில்லை. வெர்னியரை மூடி மேஜையில் வைத்துவிட்டு, பிரின்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அளவு 120னுதானம்மா போட்டிருக்கே?” என்றார். அவர் லேசர் கட்டிங்காரர்மேல்தான் சந்தேகப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்கு முன்னாலேயே ஃபைலைத் திறந்து, ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்கிற பெட்டியையும், அதற்கு மேலே மெஷர்மென்ட் என்கிற பெட்டியையும் காட்டினேன். ஒன்றில் 120, இன்னொன்றில் 118. அவர் திட்டவில்லை. 40 பிளேட்டிலும் ஓட்டையை நீள ஓட்டையாக்கிச் சமாளித்தார்கள். இரண்டு நாள் ஒரு ஆள் அதே வேலையாக நின்றார்.

அன்றிலிருந்து எந்த ஃபைல் வெளியே போவதாக இருந்தாலும், குயிக் செலக்டில் டைமென்ஷன்களை மட்டும் எடுத்து, டெக்ஸ்ட் ஓவர்ரைடு காலியாக இல்லாதவற்றைத் தேடிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. வெற்று அடைப்பு போட்டவையும் அதில் வரும், அவை பரவாயில்லை. வெளியிலிருந்து வருகிற ஃபைல்களில் சில சமயம் எண் முழுக்கக் கையால் எழுதியதாகவே இருக்கும். எக்ஸ்பிரஸ் டூல்ஸில் டிம்ரீஅசாக் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது எல்லாவற்றையும் நிஜ அளவுக்குத் திருப்பிவிடும். டிம்ரீஅசோசியேட் என்று இன்னொன்று இருக்கிறது. அது வேறு வேலை, கழன்றுபோன டைமென்ஷனை மறுபடி பொருளோடு ஒட்டவைப்பது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டாம். அப்புறம் டிம்அசாக் என்கிற செட்டிங்கின் மதிப்பு 2 என்று இருக்கிறதா பாருங்கள். 2-ல் இருந்தால்தான் கோடு நகர்ந்தால் எண்ணும் கூடவே மாறும். 0-வில் இருந்தால் டைமென்ஷன் சிதறி வெறும் கோடும் எழுத்துமாகப் போய்விடும்.

ஸ்டைலில் இன்னும் இரண்டு விஷயம். ஐஎஸ்ஓ-25-ல் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும், 12,5 என்று. நம் ஊர்ப் பட்டறையில் யாரும் அப்படிப் படித்துப் பழகவில்லை. ஜெராக்ஸ் எடுத்த தாளில் அந்தக் காற்புள்ளி மறைந்தால் 125 ஆகிவிடும். முதல் வேலையாகப் புள்ளிக்கு மாற்றுங்கள். எழுத்து உயரம் 2.5 என்று இருக்கும். ஏ1 தாளுக்குச் செய்ததை ஏ3-யில் பிரின்ட் எடுத்தால் அது பாதியாகி 1.25 ஆகும். எண்ணெய்க் கையோடு, டியூப் லைட் வெளிச்சத்தில், நாற்பது தாண்டிய கண்ணுக்கு 1.25 மில்லிமீட்டர் எழுத்து தெரியாது. நான் ஏ3-க்கு 3.5 வைக்கிறேன்.

2016 பதிப்பிலிருந்து டிம் என்ற ஒரே கட்டளை, கர்சரைக் கொண்டுபோன இடத்தைப் பார்த்துத் தானே வகையைக் கணித்துக்கொள்கிறது. கோட்டின் மேல் போனால் நீளம், வட்டத்தின் மேல் போனால் விட்டம். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் எங்கிருந்து அளப்பது என்பதை அது கணிக்காது. அதனால் புதுப் பெண்ணை முதல் மூன்று மாதம் தனித்தனிக் கட்டளையாகத்தான் போடச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அவள் முதல்முறையாக முழுதாகத் தானே அளவு போட்ட ஒரு கவர் பிளேட்டை பிரின்ட் எடுத்து, “இதைப் பட்டறையில காட்டிட்டு வா, ஆபரேட்டர் அண்ணன் ஓய்வா இருக்கறப்போ கேளு” என்று அனுப்பினேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். தாளில் இரண்டு இடத்தில் பென்சில் வட்டம். ஒன்று அவள் விட்ட இடம், சேம்ஃபர் (ஓரத்தைச் சாய்வாகச் சீவுவது) அளவு இல்லை. இன்னொன்று ஸ்லாட். 12 விட்ட எண்ட் மில் கட்டர் போகிற ஸ்லாட்டுக்கு (நீள ஓட்டைக்கு) மொத்த நீளம் 42 என்று போட்டிருந்தாள். “கட்டர் நடுவுல இருந்து நடுவுக்கு 30 தான் போகும், அதைக் குடுக்கச் சொல்லு, 42-ஐ வெர்னியர் வெச்சுப் பார்க்கறவங்களுக்குப் பக்கத்துல அடைப்புல போடு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஸ்லாட்டுக்கு மொத்த நீளம் போடச் சொல்லி அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். இத்தனை வருஷமாக அப்படித்தான் போட்டுவந்திருக்கிறேன், யாரும் பென்சிலால் வட்டம் போட்டதில்லை. இன்று காலை இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த டிராயிங்கைத் திருத்தினோம். ஆபீஸில் ஸ்லாட் உள்ள பழைய டிராயிங் எத்தனை இருக்கிறது என்று அவள் இப்போது பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.